கைராசி

"இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை போலிருக்கிறதே!"

நான் சொன்னது இவ்வளவுதான். அதற்கு அந்த ஆயாம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கர்ப்பக்கிருகத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவளைப் பார்ப்பது போல் இருந்தது.

"வாயைக் கழுவுங்கம்மா! ராத்திரி டூட்டியிலே அந்தப் பேச்சை எடுக்கலாமா? இப்பப் பாருங்க, வாசல்லே வண்டி வந்து நிக்கும்" என்றாள்.

வந்து நின்றது! கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று நாலு பேர் ஓர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருந்த இரண்டு நர்ஸுகளில் ஒருவர் அந்தப் பக்கம் ஓடினார். ஆயாம்மாள் போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "சொன்னேனா இல்லையா?" என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போனாள். பி.ஏ. படித்தவள், பத்திரிகையில் உத்தியோகம் பார்க்கிறவள் என்ற பெருமையெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு உதவவில்லை. குற்றவாளி மாதிரி நின்றேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதில் இருபது கட்டில் கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் நமக்கு வேண்டாம். என் அண்ணிக்குத் தலைப்பிரசவம். துணைக்கு அண்ணியின் தாயாரும் நானும் இருந்தோம். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. அண்ணன் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

அன்று சனிக்கிழமை. அஷ்டமி வேறு. போதாக்குறைக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே பொது வார்டில் ஒரு கிழவனார் காலமாகிவிட்டார். "சனிப் பிணம் தனிப் போகாது" என்ற பழமொழி உங்களுக்குத் தெரியாததா? கிராமங்களில் சனிக்கிழமை சாவு விழுந்தால் துணைக்கு ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில் கட்டி அனுப்புகிற வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் கோழிக்குஞ்சுக்கு எங்கே போவது? ஆயாம்மாள் கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டுவிட்டு வந்தாள். வாசலிலிருந்த வேப்பமரத்தில் ஓர் ஆந்தை கத்திற்று. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

அந்த ராத்திரி ஆயாம்மாளிடம் நான் படித்த பாடங்களை எழுதினால் ஒரு தனிப் புத்தகமே போடலாம். காலியான ஸ்டிரெச்சரை வாசலைப் பார்க்க நிறுத்தக் கூடாது. உயிர் போன கட்டிலை விரிப்பு இல்லாமல் வெறுமனே விடக் கூடாது. அடுத்த ஆளைக் கூப்பிடுமாம். வீட்டுக்குப் போகிற நோயாளி "போய் வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. பிரசவ அறை மூலையில் எலுமிச்சம்பழம் வாடினால் உடனே மாற்றிவிட வேண்டும். முப்பது வருஷ அனுபவமாம்!

"எல்லாம் சரி, ஆயாம்மா. குழந்தை எப்போது பிறக்கும்?" என்று கேட்டேன்.

"அது விடியற்காலம் பார்த்துத்தான் வரும். வந்து..." என்று இழுத்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னிக்கு மேலே டூட்டி பார்க்கிற ஸிஸ்டர் இருக்காங்களே, நல்ல பொண்ணுதான். ஆனா அவங்களுக்குக் கைராசி பத்தாதுன்னு சொல்லுவாங்க" என்றாள்.

சில மாதங்களுக்கு முன் அந்த நர்ஸின் முறையில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் தங்கவில்லையாம். இன்னொன்றையும் ஆயாம்மாள் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பெண் புருஷனை இழந்தவள்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்சவள். பதமாப் பேசத் தெரிஞ்சவள். வேறே யாராவது வர முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா" என்றார்.

நேயர்களிடம் ஒளிப்பானேன்? நான் போனேன். "இதெல்லாம் மூட நம்பிக்கை, அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே கிடக்கிறவள் நம் அண்ணி. கேட்டு வைத்தால் என்ன நஷ்டம் என்று தோன்றிற்று. மேஜையருகே போய், "இன்னொரு ஸிஸ்டர் எப்போது வருவார்கள்?" என்று பதமாகத்தான் கேட்டேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதுக்கு மேல் இராது. நான் கேட்காமல் விட்ட கேள்வியும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காலையிலே ஏழு மணிக்கு வருவாங்கம்மா. அதுவரைக்கும் நான் ஒருத்திதான்" என்றாள். கோபம் இல்லை. பழக்கப்பட்ட குரல். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டு, அண்ணியிடம் போனாள்.

அரை மணிக்கு ஒரு தரம் போனாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, தாளில் எழுதினாள். வயிற்றிலிருக்கிற குழந்தைக்கு நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டும். இரண்டே முக்கால் மணிக்கு அவள் எழுதவில்லை. இன்னொரு தரம் கேட்டாள். அண்ணியை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். மாடியில் குடியிருந்த டாக்டரம்மாளுக்குச் செல்போனில் பேசினாள். "வலி வந்து போன பிறகும் துடிப்பு ஏறவில்லை, டாக்டர். எண்பதிலேயே நிற்கிறது."

ஆபரேஷன் என்றார்கள். அண்ணன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். அப்போது அத்தை வாயைத் திறந்தார். "நாலரை மணிக்கு அஷ்டமி போயிடறது. அதுவரைக்கும் கொஞ்சம்..."

"அம்மா, உள்ளே இருக்கிற குழந்தைக்கு அஷ்டமி தெரியாது. மூச்சு மட்டுந்தான் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

அண்ணனும் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே, "கிருஷ்ண பரமாத்மா பிறந்ததே அஷ்டமியிலேதான், அத்தை" என்றான். அத்தை அதற்கு மேல் பேசவில்லை.

மூன்றேகால் மணிக்கு அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தொப்புள் கொடி கழுத்தைச் சுற்றி இறுகியிருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் அஷ்டமிக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அத்தைக்கு உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. கொடி சுற்றிப் பிறந்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாதாமே! அவருக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் இன்றுவரை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

* * *

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ராத்திரி என் மனத்தை விட்டுப் போகவில்லை. ராத்திரி முறை பார்க்கிற ஆஸ்பத்திரிக்காரர்களின் நம்பிக்கைகளைத் தேடித் தேடிப் படித்தேன். நம் தஞ்சாவூர் ஆயாம்மாளுக்கு உலகம் முழுவதும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்!

இங்கிலாந்தில் டாக்டர்களும் நர்ஸுகளும், வேலை நேரத்தில் "இன்றைக்கு அமைதியாக இருக்கிறது" என்று மறந்தும் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் கூட்டம் வந்து குவியும் என்று பயம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் கிருமி ஆராய்ச்சிப் பிரிவில் 61 நாள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். எந்த நாளில் சொல்வது, எந்த நாளில் சொல்லாமலிருப்பது என்று குலுக்கல் மாதிரி முடிவு செய்துகொண்டு, சொல்ல வேண்டிய நாட்களில் வாய்விட்டுச் சொன்னார்கள். 2019ல் முடிவை வெளியிட்டார்கள். சொன்ன நாளுக்கும் சொல்லாத நாளுக்கும் வேலையில் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை!

பௌர்ணமியில் பிரசவம் அதிகம் என்பது இன்னொரு நம்பிக்கை. அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் 1997 முதல் 2001 வரை பிறந்த 5,64,039 குழந்தைகளை, நிலவின் 62 சுற்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிலவுக்கும் பிரசவத்துக்கும் ஒரு சம்பந்தமும் தென்படவில்லை.

ஜப்பானியரின் நாட்காட்டியிலும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. கியோத்தோ சர்வகலாசாலை ஆஸ்பத்திரிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, உடம்பு தேறிய பிறகும் நல்ல நாளுக்காகக் காத்திருந்து வீடு திரும்புகிறவர்கள் பலர் என்று தெரிந்தது. அதனால் செலவும் கூடுகிறதாம். செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ் என்றால் "நாளைக்குப் போகிறோமே" என்று கெஞ்சுகிற நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஆயாம்மாள் சொன்னது எல்லாமே தப்பு என்று அவசரப்பட்டுவிட வேண்டாம். குழந்தை விடியற்காலம் பார்த்து வரும் என்றாளே, அது மெய்! இங்கிலாந்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கணக்கெடுத்து 2018ல் வெளியிட்டார்கள். தானாக வலி கண்டு பிறக்கும் குழந்தைகள் அதிகமாகப் பிறப்பது விடியற்காலை நாலு மணியை ஒட்டித்தான். நடவிலும் அறுப்பிலும் பாம்புக்கடி அதிகம் என்று அவள் சொன்னதும் சகுனம் அல்ல. நெல்லுக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. மனிதன் இருட்டில் வரப்பில் கால் வைக்கிறான். ஆந்தை வருவதும் அதே எலிக்காகத்தான். ஆஸ்பத்திரி மரத்தில் கத்தினால் நாம் அஞ்சுகிற ஆந்தைக்கு, வயலில் உட்கார வசதியாகக் குடியானவர்கள் கம்பு நட்டு வைத்து வரவேற்கிறார்கள்!

மற்ற நம்பிக்கைகள் ஏன் பிழைத்திருக்கின்றன? பலித்தது நினைவில் நிற்கிறது. பலிக்காதது மறந்து போகிறது. "கூட்டமே இல்லை" என்று யாரோ சொல்லி, ஒருவரும் வராமல் விடிந்த ராத்திரிகளை ஆயாம்மாள் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. அதோடு நேரமும் ஒரு காரணம். ராத்திரி மூன்று மணிக்கு மேல் உடம்பின் சூடு தணிந்து, மூளை மந்தமாகிற வேளை அது. ஆள் குறைவு; பொறுப்பு மலையளவு. அந்த வேளையில் ஓர் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் பயத்துக்குக் கைப்பிடியாக இருந்துவிட்டுப் போகட்டுமே! அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

கெடுதல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், நம்பிக்கை ஒரு மனிதரின் தலையில் போய் உட்காருகிறதே, அங்கே.

அந்த நர்ஸின் கதையைப் பிறகு அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் குழந்தை, தாய் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே வயிற்றில் இறந்துவிட்டது. இரண்டாவது, தாய்க்கு வலி எடுத்து ஒரு பகல் முழுவதும் கிராமத்தில் வைத்திருந்து, இருட்டிய பிறகு கொண்டுவந்தார்கள். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டிலும் அவள் கை செய்த தவறு ஒன்றுமில்லை. ஆனாலும் பெயர் விழுந்துவிட்டது. காலையில் நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன்களுக்கு அவளை நிறுத்துவதை வீட்டுக்காரர்கள் விரும்பவில்லை. கூட வேலை செய்கிறவர்களும் முணுமுணுத்தார்கள். முடிவாக, அவளுக்கு ராத்திரி முறையே அதிகமாக வந்தது.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், சகோதரிகளே. ஏற்பாடு செய்து, நல்ல நேரம் பார்த்து வருகிற பிரசவங்கள் எல்லாம் பகலில். தாமதித்து, மூச்சுத் திணறி, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறவை ராத்திரியில். பகலில் ஐந்து நர்ஸுகள் என்றால் ராத்திரியில் இரண்டு பேர். ராத்திரி முறையையே ஒருத்திக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அவள் கண் முன்னால் சாவும் அதிகமாகத்தான் நேரும். நேர்ந்தால், "பார்த்தாயா, ராசி இல்லை என்று சொன்னோமே!" என்கிறோம். நாமே குழி வெட்டி, நாமே ஒருத்தியை அதில் தள்ளி, விழுந்தவளைப் பார்த்து "இவளுக்கு நடக்கத் தெரியாது" என்பது போலல்லவா இருக்கிறது?

* * *

இதே மாதிரி ஒரு கதை வியன்னா நகரத்தில் நடந்திருக்கிறது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பிரசவ விடுதிகள். முதலாவதில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846ல் முதல் விடுதியில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் ஜுரம் கண்டு இறந்தார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. முதல் விடுதி ராசியில்லாதது என்று பெயர் பரவி, அங்கே சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சுவார்களாம்.

இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குப் பிரார்த்தனை சொல்லப் பாதிரியார் வருவார். முன்னால் ஒருவன் மணி அடித்துக்கொண்டு போவான். முதல் விடுதியில் மட்டும் அவர் வார்டு வார்டாகக் கடந்து போக வேண்டியிருந்தது. அந்த மணிச் சத்தம் கேட்ட பயத்திலேயே தாய்மார்கள் சாகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே வேலை பார்த்த ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர் அந்தப் பேச்சைப் பரிகசிக்கவில்லை. மணி அடிக்காமல், சுற்று வழியாகப் போகும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார். அவரும் இணங்கினார். சாவு குறையவில்லை. சரி, மணி காரணமல்ல என்று அதைத் தள்ளிவிட்டு மேலே யோசித்தார்.

1847ல் அவருடைய நண்பரான ஒரு டாக்டர், பிணத்தை அறுத்துப் பரிசோதிக்கும்போது கத்தி பட்டு, அதே மாதிரி ஜுரம் கண்டு இறந்தார். ஸெம்மல்வைஸுக்குப் பொறி தட்டிற்று. மாணவர்கள் பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள்! மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வரலாம் என்று உத்தரவு போட்டார். 1848ல் அந்த ராசியில்லாத விடுதியில் இறந்தவர்கள் 100க்கு ஒருவர் சொச்சம்.

நம் பாஷையில் "கை கழுவுவது" என்றால் ஒருவரைக் கைவிடுவது என்று அர்த்தம். அங்கே கை கழுவியதால்தான் தாய்மார்கள் கைவிடப்படாமல் பிழைத்தார்கள்! ஆனால் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. வியன்னாவை விட்டே போய்விட்டார். 1865ல் காலமானார்.

கணக்கு எழுதி வைத்ததால்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. எழுதி வைக்கிற பழக்கம் தஞ்சாவூருக்குப் புதியதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் வைத்தியம் செய்துகொண்டவர்களைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் படங்களோடு, இன்றும் சரஸ்வதி மஹால் நூலகத்தில் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்பே, யாருக்கு என்ன நோய், என்ன செய்தார்கள் என்று தாளில் குறித்து வைத்த ஊர் அது. அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்தான் அன்று ராத்திரி அரை மணிக்கு ஒரு தரம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நானோ அவளுடைய ராசியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்!

கைராசி என்று ஒன்று உண்டானால், அது கழுவின கை, தூங்காத கண், குறித்து வைத்த தாள். இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த தடவை நீங்கள் யாருக்காவது துணைக்குப் போனால், "எந்த ஸிஸ்டர் ராசி?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள்? டாக்டர் எவ்வளவு நேரத்தில் வர முடியும்? ரத்தம் வேண்டியிருந்தால் எங்கே கிடைக்கும்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி உண்டா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். 2008லிருந்து தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது. வலி எடுத்த பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற நேரத்தில் அதைக் கூப்பிட்டுவிடலாம்.

* * *

குழந்தைக்குப் பெயர் வைத்த மறுநாள், அத்தையும் நானும் ஒரு டப்பா நிறைய ரவாலாடு எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். நேரில் பார்த்தபோது, "அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

"பரவாயில்லைம்மா. முகத்துக்கு நேரே கேட்டீங்களே. பாதிப் பேர் என்கிட்டே கேட்கிறதுகூட இல்லை, நேரே மானேஜர்கிட்டே போயிடுவாங்க" என்று சிரித்தாள்.

அத்தை அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உன் கைக்கு எப்பேர்ப்பட்ட ராசியம்மா! எங்க பக்கத்திலே யாருக்குப் பிரசவம்னாலும் உன்கிட்டேதான் அனுப்புவேன்" என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பழி நீங்கிவிட்டது அல்லவா?

அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அந்த ராசியும் வேண்டாம்மா. நாளைக்கே ஒண்ணு தப்பிப் போச்சுன்னா, நீங்களே வேறே மாதிரி சொல்லுவீங்க. ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் போடச் சொல்லி மானேஜர்கிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். இரண்டு பேருமாக மானேஜர் அறையைத் தேடிக்கொண்டு போனோம்.